பழைய குழாய் உறையில் கல்நார்: கைவைக்கும் முன் படிக்க ஒரு முழு வழிகாட்டி

நடக்காத காரியத்தைக் 'கல்லில் நார் உரிக்கிற கதை' என்போம். அந்தக் கதை நிஜமாகவே நடந்த இடம் ஆஸ்பெஸ்டாஸ். பூமியிலிருந்து வெட்டியெடுத்த பாறையைத் தட்டிப் பிரித்தால் பஞ்சு மாதிரி இழை இழையாக வரும். அதைக் கயிறாகத் திரிக்கலாம், துணியாக நெய்யலாம், குழைத்துப் பூசலாம். தமிழில் இதற்குக் கல்நார் என்று பெயர் வைத்தவருக்கு ஒரு சபாஷ். தீப்பிடிக்காது, சூட்டை வெளியே விடாது, மக்காது, விலையும் குறைவு. இத்தனை நல்ல குணம் இருந்தால் விடுவார்களா? 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் நீராவியும் கொதிநீரும் ஓடிய குழாய்களுக்கு இதைத்தான் சட்டை மாதிரி மாட்டினார்கள். கட்டடங்களின் அடித்தளம், பாய்லர் அறை, ஆலை, மருத்துவமனை, கப்பலின் இயந்திர அறை, எங்கும் இதுதான்.

ஆஸ்பெஸ்டாஸ் என்றதும் பலருக்கும் கூரை ஷீட்தான் கண்முன் வரும். ஷீட்டில் இழைகள் சிமெண்டுக்குள் இறுகிக் கிடக்கின்றன. அறுத்தாலோ உடைத்தாலோ அதுவும் ஆபத்துதான், சும்மா இருக்கும்வரை அவ்வளவாக உதிராது. குழாய் உறை அப்படியில்லை. காய்ந்து போன உறையை விரலால் நசுக்கினாலே பொடியாகிவிடும். கல்நார் கலந்த பொருள்களில் மிகவும் எச்சரிக்கையாகக் கையாள வேண்டியது இதுவே.

பழைய குழாயைப் பார்த்ததும் பெரும்பாலானோர் செய்கிற முதல் தப்பு ஒன்று உண்டு: 'இது அதுதானா?' என்று ஓரத்தில் ஒரு துண்டைப் பிய்த்து விரலில் உருட்டிப் பார்ப்பது. இந்த வழிகாட்டியின் பாதி, அந்த ஒரு நிமிட ஆர்வத்தைத் தள்ளிப்போடச் சொல்வதற்காகத்தான்.

உள்ளே போன இழை என்ன செய்கிறது

தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). காற்றுச் சோதனையில் எண்ணிக்கையில் சேர்க்கும் கல்நார் இழை 3 மைக்ரானுக்கும் மெலிது, 5 மைக்ரானுக்கு மேல் நீளம். இவ்வளவு மெல்லியதைக் கண்ணால் பார்க்க முடியாது, மூக்கிலும் தொண்டையிலும் முழுதாகத் தடுக்கவும் முடியாது. வாசனை கிடையாது. தும்மல் வராது, கண் எரியாது. காற்றசைவில்லாத அறையில்கூட மணிக்கணக்கில் மிதக்கும். தூசி அடங்கிவிட்டது என்று நீங்கள் நினைக்கும் நேரத்தில் உண்மையில் அடங்கியிருப்பது பெரிய துகள்கள் மட்டும்தான்.

மூச்சோடு போகும் இழை நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகிறது. அங்கே மேக்ரோபேஜ் என்ற துப்புரவு செல்கள் உண்டு. தூசியோ கிருமியோ வந்தால் விழுங்கிச் செரித்துவிடும். கல்நார் இழை அந்தச் செல்லைவிட நீளமாக இருந்தால் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக மாட்டிக்கொள்கிறது. செல் திணறி, தன்னுள் வைத்திருந்த ரசாயனங்களை அக்கம்பக்கத்தில் கொட்டிவிட்டுச் சாகிறது. அடுத்த செல் வருகிறது, அதற்கும் அதே கதி. இப்படி வருடக்கணக்கில் நீளும் அழற்சியில் திசு தழும்பேறுகிறது, செல்களின் மரபணு சேதமாகிறது. சில இழைகள் நுரையீரலைச் சுற்றியுள்ள புளூரா என்ற மெல்லிய உறைக்கும் போய்ச் சேர்கின்றன.

விளைவாக வரும் நோய்கள் இவை. நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகும் ஆஸ்பெஸ்டோசிஸ். நுரையீரல் புற்றுநோய். புளூராவிலோ வயிற்று உறையிலோ வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய். இது வந்தாலே முதலில் சந்தேகப்படுவது கல்நாரைத்தான். குரல்வளைப் புற்றுக்கும் சினைப்பைப் புற்றுக்கும்கூட இது காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முடிவு செய்திருக்கிறது. வெள்ளை, பழுப்பு, நீலம் உட்பட ஆறு ரகங்களும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்பதே அதன் நிலைப்பாடு. பணியிடக் கல்நாரால் உலகில் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

இதில் குழாய் உறை ஏன் தனியாகப் பேசப்படுகிறது? இர்விங் செலிகாஃப் என்ற அமெரிக்க மருத்துவர் 1964-இல் வெளியிட்ட ஆய்வு முழுக்க முழுக்க இன்சுலேஷன் தொழிலாளர்களைப் பற்றியது. சுரங்கத்திலோ நூற்பாலையிலோ வேலை செய்தவர்கள் இல்லை. தயாரான உறையை அறுத்துக் குழாயில் மாட்டியவர்கள். 632 பேரைத் தொடர்ந்து பார்த்ததில் நுரையீரல், புளூரா புற்றுகளால் 45 பேர் இறந்திருந்தார்கள். பொதுமக்களின் கணக்குப்படி ஆறேழு பேர்தான் இறந்திருக்க வேண்டும். சுரங்கத்துக்கும் தொழிற்சாலைக்கும் வெளியே, பொருளைப் பயன்படுத்தும் இடத்திலேயே ஆபத்து இருக்கிறது என்பதை அமெரிக்காவில் மறுக்க முடியாமல் செய்த எண்கள் இவை.

இன்னொரு விஷயம் கால இடைவெளி. ஆஸ்பெஸ்டோசிஸ் தலைகாட்டவே பெரும்பாலும் 10 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். மீசோதீலியோமாவுக்கு 20 முதல் 50 ஆண்டுகள். இன்று உறையைப் பிய்த்தவருக்கு நாளை ஒன்றும் ஆகாது, அடுத்த வருடமும் ஆகாது. அதனால்தான் 'நான் 10 வருஷமா இந்த வேலைதான் பார்க்கிறேன், எனக்கு என்ன ஆச்சு?' என்கிற ஆளிடம் வாதாடி ஜெயிக்க முடிவதில்லை.

படி 1: தொடாமல் பாருங்கள்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கண்ணால் பார்த்து 'இது கல்நார்' என்றோ 'இல்லை' என்றோ யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, 30 வருட அனுபவமுள்ள ஃபிட்டராலும் முடியாது. சந்தேகப்படலாமா வேண்டாமா என்பது வரைக்கும்தான் கண் உதவும். ஒரு டார்ச், கேமராவை நெருக்கி எடுக்கக்கூடிய போன், இரண்டும் போதும். இரண்டடி தள்ளியே நில்லுங்கள்.

நேர்க்குழாய்களில் நீங்கள் பார்க்கக்கூடியவை மூன்று வகை. ஒன்று, அட்டைப்பெட்டியின் ஓரத்தை வெட்டிப் பார்த்தால் தெரியுமே நெளிநெளியான அடுக்கு, அதே மாதிரி சாம்பல் நிறக் காகிதம் பல சுற்று சுற்றியது. இரண்டு, சாக்பீஸ் மாதிரி வெள்ளையாகவோ லேசான பழுப்பாகவோ இருக்கும் கெட்டியான அரைவட்டத் துண்டுகள். இரண்டு துண்டை எதிரெதிராகப் பொருத்தி மேலே கேன்வாஸ் துணி சுற்றி, தகரப் பட்டை போட்டு இறுக்கியிருப்பார்கள். இந்தத் துண்டுகளில் ஒரு பிரபலமான கலவையில் 85 சதவீதம் மெக்னீசியம் கார்பனேட், மீதி கல்நார். மூன்று, அந்தக் காலத்து நெய்த துணியோ கயிறோ நேரடியாகச் சுற்றியது.

இப்போது வளைவுகளுக்கு வாருங்கள். என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டிய இடமே இதுதான். எல்போ (குழாய் திரும்பும் வளைவு), டீ (மூன்று குழாய் சேரும் இணைப்பு), வால்வு, ஃபிளேஞ்ச் (குழாய்களை இணைக்கும் வட்டத் தட்டு) போன்ற இடங்களில் அரைவட்டத் துண்டு பொருந்தாது. ஆகவே, மூட்டையில் வந்த கல்நார்ப் பொடியை அங்கேயே தண்ணீர் விட்டுக் குழைத்து, கையால் அப்பி உருட்டி, மேலே துணியைச் சுற்றிவிட்டுப் போவார்கள். கூர்ந்து பார்த்தால் அப்பிய கையின் தடம்கூடத் தெரியும்: ஒரே சீராக இல்லாமல் மேடும் பள்ளமுமாக, கட்டுப்போட்ட முழங்கை மாதிரி இருக்கும். துணியின் மேல் நாலைந்து தடவை அடித்த பெயிண்ட், ஓரத்தில் உரிந்து சுருண்டிருக்கும். அந்த விரிசலுக்குள் காய்ந்த களிமண் போலச் சாம்பல் நிறம், அதில் நாய் முடி மாதிரி துருத்தி நிற்கும் இழைகள். நேர்க்குழாயில் பின்னாளில் புது கண்ணாடி இழை உறை மாட்டியிருப்பார்கள், வளைவில் பழையதை அப்படியே விட்டிருப்பார்கள். 'முழுக்க மாத்தியாச்சு' என்று சொல்லப்படும் பல கட்டடங்களில் வளைவுகள் மட்டும் மாறாமல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

மஞ்சள் அல்லது இளஞ்சிவப்பு நிறத்தில், வெளிச்சம் பட்டால் மினுங்குவது பெரும்பாலும் கண்ணாடி இழை. கறுப்பாக, அழுத்தினால் ரப்பர் மாதிரி அமுங்குவது நுரை. இவற்றைப் பார்த்ததும் நிம்மதியாகிவிட வேண்டாம்; அடியில் பழைய அடுக்கு ஒன்று இருக்கலாம்.

கட்டிய ஆண்டும் ஒரு துப்பு. அமெரிக்காவில் உதிரக்கூடிய கல்நார்க் குழாய் உறையைப் புதிதாகப் போடுவது 1975-இல் தடைசெய்யப்பட்டது. பிரிட்டனில் நீல, பழுப்பு ரகங்களுக்கு 1985-இலும் வெள்ளைக்கு 1999-இலும் தடை வந்தது. ஆஸ்திரேலியாவில் 2003-இன் கடைசி நாள், ஐரோப்பிய ஒன்றியம் முழுமைக்கும் 2005. வெள்ளை ரகத்தை இன்னும் அனுமதிக்கும் நாடுகளும் உண்டு. அதோடு, தடை வந்த மறுநாளே கிடங்கில் இருந்த சரக்கு காணாமல் போய்விடவில்லை. ஆண்டை வைத்துச் சந்தேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம், குறைத்துக்கொள்ள வேண்டாம்.

படி 2: நிலைமையைக் குறித்துக்கொள்ளுங்கள்

உறை எங்கே கிழிந்திருக்கிறது, எங்கே நனைந்து ஊறியிருக்கிறது, கீழே தரையில் வெள்ளைத் தூள் இருக்கிறதா, ஆள் நடமாட்டம் எவ்வளவு, மேலே ஃபேன் ஓடுகிறதா, குழாய் அதிர்கிறதா? இவற்றை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு இடத்தையும் படம் எடுத்து வையுங்கள். தலை இடிக்கும் உயரத்தில் போகும் குழாய்க்கும், யாரும் எட்டாத உயரத்தில் பெயிண்ட் உரியாமல் இருக்கும் குழாய்க்கும் ஒரே வைத்தியம் கிடையாது. தரையில் ஏற்கெனவே தூள் கிடந்தால் அந்த அறைக் கதவைச் சாத்திவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

படி 3: ஏற்கெனவே கிளறிவிட்டீர்களா?

நீர்க்கசிவைத் தேடிப் போய் பிளம்பர் உறையை வெட்டிவிட்டார், ஏணி இடித்து ஒரு முழம் உதிர்ந்துவிட்டது, யாரோ ஆர்வத்தில் பிய்த்துவிட்டார்கள். சரி, ஆனது ஆகிவிட்டது. இனி செய்வதில்தான் பாதிப்பு கூடுவதும் குறைவதும் இருக்கிறது.

வேலையை அப்படியே நிறுத்துங்கள். கருவிகளை எடுத்துக்கொண்டு ஓட வேண்டாம், அவை அங்கேயே கிடக்கட்டும். ஃபேன், ஏசி, காற்றுக் குழாய் என எது ஓடினாலும் அணையுங்கள். எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்தி, அடியிலுள்ள இடைவெளியை ஈரத்துணியாலோ டேப்பாலோ அடைத்து, 'உள்ளே போகாதீர்கள்' என்று எழுதி ஒட்டுங்கள்.

உடைதான் அடுத்தது. உதறாதீர்கள், தட்டாதீர்கள். மேலே லேசாகத் தண்ணீர் தெளித்து, தூசி பட்ட வெளிப்பக்கம் உள்ளே போகும்படி சுருட்டிக் கழற்றி, பையில் போட்டுக் கட்டுங்கள். சட்டையைத் தலைவழியே இழுக்க வேண்டியிருந்தால் வெட்டிவிடுவது மேல். பிறகு தலைமுடியோடு சேர்த்து நன்றாகக் குளியுங்கள். அந்த உடையை வீட்டுத் துணிகளோடு துவைக்கக் கூடாது. இது மிகைப்படுத்தல் இல்லை. வேலைக்கே போகாமல், வேலை முடிந்து வந்தவரின் உடையை உதறித் துவைத்த மனைவிமார்களுக்கு மீசோதீலியோமா வந்ததை லண்டனில் நடந்த ஆய்வு 1965-இலேயே பதிவு செய்திருக்கிறது.

2018 ஜூலை 19 அன்று நியூயார்க்கின் ஐந்தாவது அவென்யூவில் தரைக்கடியில் போன நீராவிக் குழாய் ஒன்று வெடித்தது. 1932-இல் பதித்த குழாய், உறையில் கல்நார். தெருவில் சேறு தெறித்து நின்றவர்களிடம் அதிகாரிகள் சொன்னதும் இதேதான்: உடையைப் பையில் போட்டு ஒப்படையுங்கள், உடனே குளியுங்கள். சுற்றியிருந்த பல கட்டடங்களைக் காலி செய்து, சுத்தம் செய்து முடித்த பிறகே மக்களைத் திரும்ப விட்டார்கள்.

துடைப்பத்தைத் தொடாதீர்கள். வீட்டு வேக்குவம் அதைவிட மோசம். மெல்லிய இழைகளை முன்னால் உறிஞ்சிப் பின்னால் ஊதிவிடும். உள்ளங்கையளவுத் தூள் என்றால் ஈரத்தாளால் ஒற்றியெடுத்து, அந்தத் தாளையும் பையில் போட்டுக் கட்டலாம். அதற்கு மேல் என்றால் பயிற்சி பெற்றவர்களைக் கூப்பிடுங்கள்.

படி 4: சாம்பிளும் லேப் ரிப்போர்ட்டும்

சாம்பிள் எடுப்பது உறையைக் கிளறும் வேலை. அதனால் பயிற்சி பெற்றவர் எடுப்பதே சரி. பக்கத்தில் நின்று மேற்பார்க்க நீங்கள் என்ன எதிர்பார்க்கலாம் என்று மட்டும் சொல்கிறேன்.

வருகிறவர் அறையில் மற்ற எல்லோரையும் வெளியேற்றுவார். கீழே தடிமனான பாலித்தீன் விரிப்பார். தண்ணீரில் சில சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து ஊறவிடுவார், ஏனென்றால் வெறும் தண்ணீர் இழைக்குள் இறங்காமல் மேலோடு வழிந்துவிடும். மெல்லிய குழல் போன்ற கருவியை வெளித் துணியிலிருந்து குழாயின் இரும்பு தட்டும்வரை மெதுவாகத் திருகி இறக்குவார். எல்லா அடுக்கும் சாம்பிளில் வர வேண்டும். மேல்தோலை மட்டும் சுரண்டியெடுப்பவர் பாதி வேலைதான் செய்கிறார். எடுத்த ஓட்டையை டேப்பாலோ பசையாலோ உடனே அடைப்பார். கருவியைத் துடைத்துவிட்டே அடுத்த இடத்துக்குப் போவார். மோட்டார் துரப்பணத்தோடு ஒருவர் வந்தால், வந்த வழியே அனுப்பிவிடுங்கள்.

எத்தனை சாம்பிள்? ஒன்று போதாது. அமெரிக்கப் பள்ளிகளுக்கான விதியில், பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் குழாய் உறைக்கே குறைந்தது 3 எடுக்கச் சொல்லியிருக்கிறது. நேர்க்குழாய், வளைவு, பின்னாளில் ஒட்டுப்போட்ட இடம் மூன்றும் தனித்தனிப் பொருள் என்று கணக்கில் கொள்ளுங்கள். நேர்க்குழாயில் 'இல்லை' என்று வந்த ரிப்போர்ட்டைக் காட்டி வளைவை உடைத்துவிடக் கூடாது.

லேப்பில் துருவமுனை ஒளி நுண்ணோக்கியில் பார்த்து ரகத்தையும் தோராயமான சதவீதத்தையும் எழுதித் தருவார்கள். கிரைசோடைல் என்றால் வெள்ளை, அமோசைட் என்றால் பழுப்பு, குரோசிடோலைட் என்றால் நீலம். இந்த நிறப் பெயர்களை நம்பிக் கண்ணால் தேடாதீர்கள். வருடக்கணக்கில் வெந்து, பெயிண்டும் அழுக்கும் ஏறிய உறையில் எல்லாமே சாம்பல்தான். அமெரிக்கச் சட்டம் 1 சதவீதத்துக்கு மேல் இருப்பதையே கல்நார்ப் பொருள் என்கிறது. ரிப்போர்ட்டில் அதற்குக் கீழே இருந்தாலும் இழை இழைதான், கவனமாகவே கையாளுங்கள்.

இந்தச் செலவு வேண்டாம் என்றால் ஒரு வழி இருக்கிறது: கல்நார் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு நடப்பது. கிளறப் போவதில்லை என்றால் அதில் தப்பே இல்லை.

படி 5: விடுவதா, மூடுவதா, அகற்றுவதா

கல்நார் என்று உறுதியானதும் வரும் முதல் எண்ணம், எல்லாவற்றையும் உடனே பிய்த்து எறிந்துவிட வேண்டும் என்பது. பல சமயம் அது தப்பான முடிவு. சும்மா கிடந்த உறையிலிருந்து வருடம் முழுவதும் உதிராத இழை, மோசமாக நடந்த ஒரு நாள் அகற்றலில் உதிர்ந்துவிடும்.

உறை இறுக்கமாக, துணி கிழியாமல், ஆள் கை படாத இடத்தில் இருக்கிறதா? விட்டுவிடுங்கள். எச்சரிக்கைச் சீட்டு ஒட்டி, எந்தெந்த இடத்தில் இருக்கிறது என்ற பட்டியலை ஒரு பதிவேட்டில் எழுதி, 6 மாதத்துக்கு ஒருமுறை டார்ச்சோடு போய்ப் பாருங்கள். வேலைக்கு வரும் ஒவ்வொரு பிளம்பரிடமும் எலக்ட்ரீஷியனிடமும் அந்தப் பட்டியலைக் காட்டுவதுதான் இதில் முக்கியம். பட்டியல் அலமாரியில் பூட்டிக் கிடந்தால் அது இருந்தும் பிரயோசனமில்லை.

துணி அங்கங்கே கிழிந்திருந்தாலும் உள்ளே கெட்டியாக இருந்தால் மூடலாம். தண்ணீரில் நனைத்தால் பசையாகும் கண்ணாடி இழைத் துணி கிடைக்கிறது, அதைக் கட்டு மாதிரி சுற்றுவார்கள். அல்லது இதற்கென்றே தயாரித்த பூச்சு அடிப்பார்கள். சாதாரண பெயிண்ட் இதற்கு உதவாது. குழாய் சூடாக இருக்கும்போதும் செய்யக் கூடாது. உறை குழாயை விட்டு ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தால் பூச்சின் எடையே அதைக் கீழே இழுத்துவிடும். அங்கே மூடும் யோசனையை விட்டுவிடுங்கள். சுற்றிலும் தகரக் கவசம் போடுவதென்றால் பட்டை போட்டு இறுக்கச் சொல்லுங்கள். ஸ்குரூ அடித்தால் ஒவ்வொரு ஸ்குரூவும் உறைக்குள் ஒரு துளை.

அகற்றியே ஆக வேண்டிய சந்தர்ப்பங்கள் இரண்டுதான்: உறை தாங்காத அளவுக்கு உதிர்ந்திருப்பது, அல்லது குழாயையே மாற்றவோ கட்டடத்தை இடிக்கவோ போவது.

படி 6: அகற்றும் வேலையை எப்படி நடத்த வேண்டும்

சொந்தமாகச் செய்யலாமா என்றால், குழாய் உறையைப் பொறுத்தவரை என் பதில் கூடாது என்பதுதான். பல நாடுகளில் சட்டமும் அதையே சொல்கிறது. மாஸ்க் போட்டுக்கொண்டால் போதாதா? துணி மாஸ்க்கும் அறுவைசிகிச்சை மாஸ்க்கும் இதற்கு ஒன்றுமே இல்லை. என்95-உம் இந்த வேலைக்கு ஏற்றதில்லை. குறைந்தபட்சம் பி100 (நுண்துகளை ஏறக்குறைய முழுதும் தடுக்கும் தரம்) ஃபில்டர் மாட்டிய அரைமுக மாஸ்க் வேண்டும், ஐரோப்பிய வழக்கில் எஃப்எஃப்பி3. அதுவும் முகத்தோடு ஒட்டி நிற்கிறதா என்று சோதித்தது. மூன்று நாள் தாடி இருந்தாலே ஓரத்தில் காற்று புகும். இவ்வளவு சரியாக அமைந்தாலும் மாஸ்க் கடைசி அரண் மட்டுமே; இழை காற்றில் எழாமல் பார்ப்பதுதான் முதல் அரண்.

ஒப்பந்தக்காரர் வந்ததும் நீங்கள் கவனிக்க வேண்டியவை. பெரிய வேலை என்றால் அறையைப் பாலித்தீனால் முழுதாக மூடி, ஹெப்பா ஃபில்டர் (மிக நுண்ணிய துகளையும் பிடிக்கும் வடிகட்டி) வைத்த எந்திரத்தால் உள்ளிருக்கும் காற்றை இழுத்து வெளியேற்றுவார்கள். உள்ளே அழுத்தம் குறைவதால் சின்ன ஓட்டை இருந்தாலும் காற்று உள்ளே போகுமே தவிர வெளியே வராது. சரியாக நடக்கும் கூடாரத்தின் பாலித்தீன் சுவர் லேசாக உள்வாங்கி நிற்கும். உப்பி நின்றால் எங்கோ கோளாறு. வெளியே வரும் வழியில் மூன்று அறைகள்: அழுக்கு உடை கழற்றுமிடம், குளியல், சுத்தமான உடை. குளிக்காமலே மாஸ்க்கைக் கழற்றியபடி நேராக டீ குடிக்கப் போகிறவரைப் பார்த்தால் அந்த நிறுவனத்தின் தரம் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

ஒன்றிரண்டு வளைவுகள் மட்டும் என்றால் கையுறைப் பை முறை போதும். பார்க்கவே சுவாரசியமானது இது. தடிமனான தெளிந்த பை, அதன் பக்கவாட்டில் உள்நோக்கித் தொங்கும் இரண்டு கையுறைகள். கருவிகளை முதலிலேயே உள்ளே போட்டு, பையைக் குழாயைச் சுற்றி மாட்டி, இரு முனையையும் டேப்பால் இறுக்குவார்கள். புகையோ காற்றோ விட்டுக் கசிவு பார்ப்பார்கள். பிறகு வெளியிலிருந்தே கையுறைக்குள் கையை நுழைத்து, உறையை வெட்டி இறக்குவார்கள். ஒருவர் வெட்ட, இன்னொருவர் சின்னத் துளைவழியே விடாமல் தண்ணீர் தெளிப்பார். ஒரே ஆள் இரண்டையும் செய்ய முடியாது. உறை பையின் அடியில் விழுந்ததும், வெறுங்குழாயைப் பிரஷ் போட்டு ஈரத்தில் துடைத்து, வெட்டிய முனைகளைப் பசையால் மூடி, ஹெப்பா ஃபில்டர் உள்ள வேக்குவத்தால் பையைச் சுருங்க வைத்துக் கழற்றுவார்கள். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதிப்படி ஒரு பையை ஒருமுறைதான் பயன்படுத்தலாம், குழாய்வழியே நகர்த்தி அடுத்த வளைவுக்குக் கொண்டுபோகக் கூடாது, 65 டிகிரிக்கு மேல் சூடான குழாயில் மாட்டவும் கூடாது. 'பாய்லரை நிறுத்தத் தேவையில்லை, ஓடும்போதே முடிச்சிடுவோம்' என்று யாராவது பெருமையாகச் சொன்னால் வேறு ஆளைத் தேடுங்கள்.

வேலை முடிந்ததும் முதலில் கண்ணால் சோதனை. குழாயின் அடிப்பக்கம், தாங்கிகளின் இடுக்கு, ஸ்குரூ மரை, சுவரைத் துளைத்துப் போகும் இடம். மிச்சம் ஒளிந்திருப்பது இங்கெல்லாம்தான். அதில் தேறிய பிறகே காற்றுச் சோதனை. பிரிட்டனில் ஒரு மில்லிலிட்டர் காற்றில் 0.01 இழைக்குக் கீழே இருந்தால்தான் அறையைத் திரும்ப ஒப்படைப்பார்கள். இந்தச் சோதனையை அகற்றிய நிறுவனமே செய்யக் கூடாது. தனியான ஆளை நீங்களே அமர்த்துங்கள்.

படி 7: கழிவு

ஈரமாகவே இரட்டைப் பையில், எச்சரிக்கை அச்சிட்டு, அனுமதி பெற்ற இடத்துக்கு. போய்ச் சேர்ந்ததற்கான ரசீதைக் கேட்டு வாங்குங்கள். குப்பைத் தொட்டியில் போடக் கூடாது, எரித்தாலும் எரியாது. அதிகம் கவனிக்கப்படாத ஓட்டை ஒன்று இருக்கிறது: உறையோடு அப்படியே பழைய இரும்புக்குப் போகும் குழாய். வாங்கியவர் எடைபோட வசதியாகச் சுத்தியலால் தட்டித்தான் உறையை உதிர்ப்பார். உங்கள் அறையில் நடக்காமல் தடுத்தது அவர் முற்றத்தில் நடக்கும்.

படி 8: ஏற்கெனவே சுவாசித்தவர்கள்

ஒருமுறை, சில நிமிடம் தூசி பட்டது என்றால் பயந்து நடுங்க வேண்டாம். எவ்வளவு, எத்தனை காலம் என்பதைப் பொறுத்தே ஆபத்து கூடுகிறது. இதற்குக் கீழே ஆபத்தே இல்லை என்று ஓர் அளவு நிறுவப்படவில்லை என்பது உண்மை. ஆனாலும் நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் சுவாசித்தவர்கள். மறுநாளே எக்ஸ்ரே எடுத்துப் பயனில்லை, அதில் ஒன்றும் தெரியாது. உள்ளே போன இழையை வெளியே எடுக்கும் மருந்தும் இல்லை. நுரையீரலைச் சுத்தம் செய்கிறேன் என்று கஷாயம் விற்பவரிடம் ஏமாறாதீர்கள்.

நெடுநாள் இந்த வேலை பார்த்தவர் என்றால் நுரையீரல் மருத்துவரிடம் போய் ஓர் அடிப்படைப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது: ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி, எக்ஸ்ரே, தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன். படி ஏறும்போது முன்னைவிட அதிகமாக இரைப்பது, விடாத வறட்டு இருமல், நெஞ்சின் ஒரு பக்கம் வலி, விரல் நுனி உருண்டு தடிப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, இவற்றில் எது வந்தாலும் தள்ளிப்போட வேண்டாம். நுரையீரலைச் சுற்றித் திரவம் கட்டியதாகச் சொன்னால், 'நான் கல்நார் வேலை பார்த்தவன்' என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். மீசோதீலியோமாவைத் திசுப் பரிசோதனையில்தான் உறுதி செய்ய முடியும். பெமெட்ரெக்ஸெட், சிஸ்பிளாட்டின் கூட்டு மருந்துதான் நெடுங்காலம் முதல் சிகிச்சையாக இருந்தது. 2020-இல் நிவோலுமாப், இபிலிமுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்துகளின் கூட்டுக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்றும் இது கடினமான நோய்தான்.

உங்கள் கையில் இருக்கிற பெரிய விஷயம் சிகரெட். செலிகாஃபும் சகாக்களும் 1979-இல் வெளியிட்ட கணக்கில், கல்நார் மட்டும் என்றால் நுரையீரல் புற்றால் இறக்கும் வாய்ப்பு சுமார் 5 மடங்கு, புகை மட்டும் என்றால் சுமார் 11 மடங்கு, இரண்டும் சேர்ந்தால் 50 மடங்குக்கும் மேல். மீசோதீலியோமாவுக்குப் புகைப்பதால் கூடுதல் ஆபத்து இல்லை. நுரையீரல் புற்றுக்கு மட்டும் இந்தக் கூட்டு இவ்வளவு பயங்கரம். ஆஸ்பெஸ்டோசிஸ் உள்ளவர்கள் ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசி பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள்.

அப்புறம், ஒரு தாள். எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்தக் கட்டடம் அல்லது கப்பல், என்ன வேலை, உறையை வெட்டினீர்களா அல்லது வெட்டியவருக்குப் பக்கத்தில் நின்றீர்களா, மாஸ்க் இருந்ததா, லேப் ரிப்போர்ட் உண்டா, கூட இருந்தவர்கள் யார் யார். இதை எழுதித் தேதி போட்டு மருத்துவக் கோப்பில் வையுங்கள். 30 வருடம் கழித்து ஒரு மருத்துவர் கேட்கும்போது அந்தக் கட்டடம் இருக்காது, நிறுவனம் இருக்காது, ஞாபகமும் இருக்காது. வீட்டில் உங்கள் வேலை உடையைத் துவைத்தவர் யாரோ, அவருடைய கோப்பிலும் ஒரு நகல் இருக்கட்டும்.